பிளேடால் கிழித்த ஸ்பீக்கர்

கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவனுக்கு ஒரு தலைவிதி உண்டு: பாட்டு நன்றாக இருந்தால் கைதட்டல் பாடகருக்கு, மைக் செட் கொரகொரத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவனைத்தான். கல்யாண மேடை ஓரத்தில், மாலைக் கூடைக்கும் பரிசுப் பொருள் மேஜைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து கம்பி மீட்டியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் கஷ்டம் சட்டென்று புரியும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படியுங்கள். நான் சொல்வது அறுபதுகளின் கடைசியும் எழுபதுகளின் ஆரம்பமும். தர்மபுரியில் வெங்கடாசலம் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் நான் எலக்ட்ரிக் கிட்டார். மாஸ்டர் ஆர்மோனியம்.

பெங்களூர் ரெக்கார்ட்

கிட்டார் கம்பி வாங்க பெங்களூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அப்படிப் போன ஒரு நாள், கடைக்காரர் ஏதோ இங்கிலீஷ் ரெக்கார்டைப் போட்டார். கிட்டார் சத்தம் வந்தது பாருங்கள், அடேயப்பா! எங்கள் கிட்டார் கெஞ்சும், இது உறுமியது. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. ஆனால் வாயிலிருந்து வந்த கேள்வியோ, "ரெக்கார்ட் பழுதாயிடுச்சுங்களா?" என்பதுதான்.

கடைக்காரர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். சீமையில் எவனோ ஒருத்தன், தன் ஸ்பீக்கருக்குள் அதிர்கிற காகிதக் கூம்பை பிளேடால் கிழித்துவிட்டு வாசித்துப் பார்த்தானாம். அந்தக் கரகரப்புக்காகவே ரெக்கார்ட் விற்கிறதாம். கம்பியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "பழுது ஆகல தம்பி, வேணும்னே பழுது பண்ணி வெச்சிருக்காங்க. இப்ப அங்க அதுக்குத்தான் மதிப்பு."

பாயின் பசை டப்பா

எங்கள் குழுவுக்கு மைக் செட் அன்வர் பாய். வைத்திருந்த ஸ்பீக்கர்களைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்ப்பார். மழை, எலி, கல்யாண வீட்டுக் குழந்தைகள் என்று எதனால் காகிதம் கிழிந்தாலும், மைதா பசையும் மெல்லிய தாளும் வைத்து ஒட்டி, வெயிலில் காய வைத்துவிடுவார். அவரிடம் போய் நான் பழைய ரேடியோப் பெட்டி ஒன்றை நீட்டி, "பாய், இந்த ஸ்பீக்கரை மூணு இடத்துல கிழிச்சுக் குடுங்க" என்றேன்.

பாய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. நானே பிளேடை எடுத்தபோது, பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிட்டாரைச் சொருகி ஒரு கம்பியைத் தட்டினேன். பெங்களூர் சத்தம்! அதே உறுமல்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் பசை டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமா கிழிஞ்சத ஒட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி, நல்லா இருக்கறதக் கிழிச்சுட்டு அழற மொத ஆளு நீதான்."

நல்லம்பள்ளி தீயணைப்பு

யாரிடமும் சொல்லாமல், நல்லம்பள்ளியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுபோனேன். தாலாட்டுப் பாட்டு ஒன்று. பல்லவி முடிந்ததும் கிட்டார் தனியாக வரும் இடம். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன் ஒரு இழுப்பு. பந்தலே அதிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது பெண்ணின் தாய்மாமன், சமையல் பந்தலிலிருந்து ஒரு கூடை மணலோடு ஓடி வந்துகொண்டிருந்தார். வயர் எரிகிற சத்தம் என்று நினைத்துவிட்டார் மனிதர். கூடை மணலும் என் பெட்டி மேல். இரண்டாவது கூடை என் மேல். மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

மாஸ்டர் முகத்தில் ரத்தம் இல்லை. தர்மபுரி வட்டாரத்தில் கிட்டாருக்கு இடம் கொடுத்த குழு எங்களுடையது ஒன்றுதான். இது போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. கம்பியைத் தவிர வேறெதுவும் என் கையில் ஒட்டியதும் இல்லை. "இன்னொரு தடவ அந்தப் பொட்டிய மேடையில பாத்தேன், உனக்கு இங்க எடம் இல்ல" என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, தாய்மாமன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளில் தட்டினார்: "பயப்படாதீங்க மாஸ்டர், அணைச்சுட்டோம்."

கொளுத்தின கிட்டார்

அடுத்த தடவை கம்பி வாங்கப் போனபோது கடைக்காரர் ஒரு செய்தி சொன்னார். அமெரிக்காவில் ஒருவர் ரசிகர்கள் பார்க்க, மேடையிலேயே தன் கிட்டாரைக் கொளுத்திவிட்டாராம். ஊருக்கு வந்து குழுவில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தபேலா கோவிந்தன் மட்டும் நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: "ஏம்ப்பா, அவங்க ஊர்ல ஆயுத பூசையே கெடையாதா?"

பொம்மிடியில் வராத வண்டி

பொம்மிடியில் ஸ்டேஷனுக்கு அடுத்த தெருவில் கல்யாணம். நான் உத்தமனாக, கிழிந்த பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பாயின் நல்ல ஸ்பீக்கரில் சொருகி வாசித்தேன். இடம் போதாமல் ஸ்பீக்கர் முன்னாலேயே உட்கார வைத்துவிட்டார்கள். பாட்டு முடிந்து கையை எடுத்தேன். கம்பி தானாகவே 'ஊ...' என்று கூவ ஆரம்பித்தது. ஸ்பீக்கர் கம்பியை அதிர வைக்க, கம்பி ஸ்பீக்கரைக் கூவ வைக்க, சத்தம் ஏறிக்கொண்டே போனது. உடனே தள்ளிப் போயிருக்கலாம், நியாயமும் அதுதான். மனசு கேட்கவில்லை. கிட்டாரை இப்படியும் அப்படியும் திருப்பி, அந்தக் கூவலை வளைத்து வளைத்துப் பார்த்தேன். ஆஹா, என்ன சுகம்!

கொஞ்ச நேரத்தில் பந்தல் வாசலில் மூட்டையும் கூடையுமாகப் பத்துப் பேர். முன்னால் நின்றவர் கக்கத்தில் கோழி. "வண்டி எங்கீங்க? சத்தம் மட்டும் வந்துச்சு" என்று மணமேடையைப் பார்த்துக் கேட்டார். பிளாட்பாரத்தில் காத்திருந்த கூட்டம், வண்டி இந்தப் பக்கம் எங்கேயோ வந்து நிற்கிறது என்று கிளம்பி வந்திருக்கிறது. நல்ல வேளை, உண்மையான வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்: "பாலக்கோட்டுப் பண்டிகையோட நீ நின்னுக்க. சேலத்துல இருந்து அக்கார்டியன்காரரு வர்றாரு."

பாலக்கோட்டில் நாற்பது நிமிஷம்

பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாரியம்மன் பண்டிகை. சாயங்காலம் நாலு மணி. கடைசிக் கச்சேரி என்று தெரிந்ததும், கிழிந்த பெட்டியை பாயின் வண்டியில் தார்ப்பாய்க்கு அடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வாசிக்க இல்லை, விட்டுவிட்டு வர மனசு வரவில்லை, அவ்வளவுதான். அக்கார்டியன்காரர், மார்பில் தொங்கும் அந்தத் துருத்திப் பெட்டியோடு, என் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் ஆரம்பித்த அதே நேரம், கோயில் முன்னால் பம்பை ஆரம்பித்தது. எட்டுப் பம்பை. எங்கள் பாடகர் வாயசைப்பதுதான் தெரிந்தது. ஆர்மோனியம், அக்கார்டியன் எல்லாம் காற்றோடு போச்சு. ஜனம் மொத்தமும் எழுந்து பம்பைப் பக்கம் போய்விட்டது. ஊர்க் கவுண்டர் வந்து, "நாங்க என்ன ஊமைப் படத்துக்கா கூட்டியாந்தோம்?" என்று மாஸ்டரை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். மாஸ்டர் தலை குனிந்து நின்றார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு என் பக்கம் வந்து, முகத்தைப் பார்க்காமலே, "அந்தக் கிழிஞ்ச பொட்டி... வண்டியில இருக்குதாடா?" என்றார்.

பாய் பெட்டியைத் தூக்கி வந்து அதன் முன்னால் மைக்கையே வைத்துவிட்டார். வாசித்தேன். நாலு புனல் ஸ்பீக்கரிலும் உறுமல் கிளம்பியது. பம்பைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, என் தாளத்துக்கே அடிக்க ஆரம்பித்தார்கள். ஜனம் திரும்பி வந்தது. அப்போது கூட்டத்தில் ஒரு அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. தலைமுடி அவிழ, என் பெட்டிக்கு முன்னால் வந்து ஆடினாள். நான் பயந்துபோய்க் கையை எடுக்கப் போனேன். பூசாரி பாய்ந்து வந்து, "நிறுத்தாதீங்க! சாமி எறங்கிட்டா மலையேற வரைக்கும் மேளம் நிக்கக் கூடாது" என்றார்.

வாசித்தேன். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோய், தெரியாததை வாசித்தேன். விரலில் தோல் உரிந்தது. சீமையில் ஒரே பாட்டில் அரைமணி நேரம் கிட்டார் மட்டும் வாசிக்கிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்; அவர்களுக்கு என்ன நிர்ப்பந்தமோ! எனக்கு நாற்பது நிமிஷம் கழித்துத்தான் கற்பூரம் காட்டி விடுதலை கொடுத்தார்கள். மலையேறும் முன் அந்த அம்மாள் பூசாரி காதில் ஏதோ சொன்னாள். மாஸ்டர், கவுண்டர், அக்கார்டியன்காரர் எல்லோரும் கைகூப்பி நின்றிருந்தார்கள். பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: "வருசா வருசம் இந்தப் பையனும் அந்தப் பொட்டியும் வரணும்னு ஆத்தா கேக்கறாங்க. இல்லேன்னா நீங்களும் வர வேண்டாமாம்."

அப்புறம் பதினோரு வருஷம் அந்தக் குழுவில் இருந்தேன். மாஸ்டர் ஒரு நாளும் 'நல்லா வாசிச்சடா' என்று சொன்னதில்லை, ஆனால் மேலிடத்துச் சிபாரிசு இருக்கிறவனைப் போ என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.