மாமனாரின் படை பாலம் கடந்த நாள்

அப்போது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு இரும்பு வேலைப் பட்டறையில் நான் இன்ஜினியர். அதே ஊரில் உப்பளம் பகுதியில் வாய்க்காலைக் கடக்க ஒரு நடைபாலம் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. வரைந்தவர் ஒரு சிற்பி. பாலம் நேராகப் போகாது. நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கைப்பிடி தலைக்கு மேல் எழும்பி, முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி மாதிரி அக்கரை ஏறும். அதை விழாமல் நிறுத்துவது என் பொறுப்பு. அந்த முறுக்கோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன்.

பாலத்தைத் தூக்கி வைத்த மறுநாள் மாமனாரைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினேன். அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குபவர். ரொம்ப நேரம் பார்த்தார்.

"லாரியிலேர்ந்து எறக்கும்போது வளைஞ்சிடுச்சாம்மா?"

"இல்ல மாமா, அது சிற்பம்."

"நிமித்திடலாம் இல்ல?"

திறப்பதற்கு முன் ஒரு சோதனை பாக்கி இருந்தது. பலர் ஒரே தாளத்தில் கால் வைத்தால் இப்படிப்பட்ட மெல்லிய பாலம் ஆடத் தொடங்கும். எவ்வளவு ஆடுகிறது என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். பட்டறை ஆட்கள் பத்துப் பேரை நடக்கவிட்டேன். பத்துப் பேரும் பத்து விதமாக நடந்தார்கள். வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பியபோது மாமனார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கால் ஒத்து நடப்பதற்குத்தானே பிரான்ஸ் தனக்கு இன்னமும் பென்ஷன் அனுப்புகிறது என்றார்.

ஞாயிறு காலை மாமனாரும் அவரைப் போன்ற பழைய சொல்தாக்களுமாக ஏழு பேர் பதக்கம் குத்திக்கொண்டு வந்தார்கள். மாமனார்தான் இளையவர், அவருக்கே எழுபது. யார் கமாண்ட் கொடுப்பது என்பதில் அரை மணி நேரம் போனது. பதவியில் மூத்தவருக்குக் காது கேட்காது. காது கேட்டவருக்குப் பதவி போதாது. கடைசியில் மூத்தவரே "கோஷ், துருவாத்" என்று இடது வலது சொல்ல, படை கிளம்பியது. ஒருவருக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒருவர் கையில் தடி. சாய்வு வந்ததும் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டத்தைத் தாளில் கோடாக வரையும் கருவியின் முள் அசையவே இல்லை.

"கல்லு மாதிரி இருக்குதும்மா," என்றார் மாமனார். ஏழு பேரும் ஏழு விதமாக நடந்ததால்தான் பாலம் ஆடவில்லை என்பதை அவரிடம் சொல்லாமல், எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினேன்.

அவர்கள் அக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஆள் வராமல் இருக்க நாங்கள் கட்டியிருந்த கயிற்றை ஒரு கையால் தூக்கிவிட்டு நான்கு மீன்காரப் பெண்கள் பாலத்தில் ஏறிவிட்டார்கள். தலையில் கூடை, மார்க்கெட்டுக்குப் போகும் அவசரம். சுமையோடு போகிறவர்களின் அந்தச் சின்ன ஓட்டத்தில் நான்கு பேருக்கும் கால் ஒரே தாளத்தில் விழுந்தது. பாதி தூரத்தில் பாலம் ஊஞ்சலாக ஆடியது. முள் தாளின் விளிம்புக்கே போய்விட்டது.

ஓடிப்போய் நிறுத்தினேன். முன்னால் வந்த அக்கா கூடை அசையாமல் நின்றாள்.

"எங்களுக்கு ஒண்ணுமில்ல, படகுல போறாப்ல இருக்குது. மத்தவங்களுக்குத் தலை சுத்தும். சரி பண்ணிடு."

இன்னும் மூன்று தடவை நடந்து காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். மீன் கெட்டுவிடும் என்றார்கள். உடனே, சோதனையைப் பார்க்க வந்திருந்த சிற்பி அத்தனை மீனையும் வாங்கிக்கொண்டார். சுமை குறைந்தால் நடை மாறிவிடும் என்பதால், வாங்கிய மீனைக் கூடையிலேயே வைத்து நடக்கச் சொன்னோம். மாமனார் டீயை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்கல்லாம் எந்த ரெஜிமெண்டு?" என்று என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

பாலத்துக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து இரும்புக் கட்டிகளைத் தொங்கவிட்ட பிறகுதான் ஆட்டம் அடங்கியது. சிற்பிக்கு மட்டும் மனத்தாங்கல். அந்த ஆட்டமும் தன் சிற்பத்தில் சேர்த்திதான் என்று திறப்பு நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.