ஊரில் ஒரு கண்ணாடி குறைகிறது

எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அதற்கு முன் ஒரு மருந்துக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஆசை ஆசையாக ஒரு கார் வாங்கி, முதல் நாளே தெருமுனைச் சுவரில் சாத்திவிட்டு வந்து, சாவியை மேசைமேல் வைத்துக் கும்பிடு போட்டார். அந்தச் சாவியை டீச்சர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கையில் ஓட்டக் கற்றவர்கள் பாதி ஊர் இருப்பார்கள்.

இப்போது இருக்கும் கார் வேறு. நல்ல வண்டிதான். ஒரே குறை, காலையில் இறங்கி வந்து பார்த்தால் அதில் ஏதாவது ஒன்று இருக்காது. முதலில் சக்கர மூடிகள் போயின. போன வருஷம் வலது பக்கக் கண்ணாடி போனது. இன்றைக்கு இடது பக்கம் கண்ணாடி இருந்த இடத்தில் ரெண்டு ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் மாடிவீட்டுக்காரர். அவர் தினமும் சாயங்காலம் தன் காரின் ரெண்டு கண்ணாடியையும் கழற்றி மேலே கொண்டுபோய்விடுவார். இப்போதும் ரெண்டு கக்கத்திலும் கண்ணாடியை இடுக்கிக்கொண்டுதான் நின்றார்.

"சார், இப்படிக் கழட்டிக் கழட்டி வச்சா கடைசியில ஸ்டியரிங்கையும் சீட்டையும் தூக்கிட்டுத்தான் மாடி ஏறணும். திருடனுக்கு வேலை மிச்சம்."

போலீசுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். டீச்சர் போன தடவையே போனவர். "கண்ணாடியில உங்க பேர் எழுதியிருந்துச்சாம்மா?" என்று கேட்டார்கள். "எழுதல சார். என் மூஞ்சி தெரியும். அது போதாதா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அத்தோடு சரி.

உண்மையில் அந்தக் கண்ணாடியில் ஓர் அடையாளம் உண்டு. டீச்சர் ரெண்டு பக்கமும் கண்ணாடியின் கீழ்மூலையில் சிவப்பு நெயில் பாலீஷால் ஒரு புள்ளி வைத்திருப்பார். ரிவர்ஸில் வரும்போது நடைபாதை ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டதும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டும். எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளியும் இப்படிச் செய்தால் வண்டியை நேராக நிறுத்திவிடுவார். இது டீச்சரே கண்டுபிடித்த வித்தை. சந்தைக்கு அந்தப் பக்கம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் இதைப் பார்த்து, அதே மாடலான தன் காரிலும் புள்ளி வைத்தபோது, "என் புள்ளியைத் திருடிட்டான்" என்று அவரோடு பேச்சை நிறுத்தியவர்.

தம்பியின் ஒர்க்ஷாப்புக்குப் போனார். தம்பி ஒரு காருக்கு அடியில் கிடந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. டீச்சர் அந்தக் காலிடம் பேசினார்.

"புதுசு சொல்லிவிடுடா."

"அக்கா, இந்த மாடல் செய்யறதையே நிறுத்திட்டாங்க. போன தடவை பத்து வாரம் காத்திருந்தியே, அதுதான் கம்பெனிகிட்ட இருந்த கடைசிச் சரக்கு. பேசாம பழைய சாமான் விக்கிற சந்துக்குப் போ."

"திருட்டுச் சாமானையா வாங்கச் சொல்றே?"

"எல்லாரும் அங்கதான் வாங்கறாங்க."

"எல்லாரும் வாங்கறதாலதாண்டா என்னோடது போச்சு!"

கால் காருக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. டீச்சர் நின்று யோசித்தார். புதுசு வருவதில்லை. அப்படியானால் சந்தில் விற்கிற ஒவ்வொரு கண்ணாடியும் ஏதோ ஒரு காரில் இருந்ததுதான். இன்றைக்கு நான் வாங்கினால் நாளைக்கு இன்னொருத்தன் தேடி வருவான். அவனுக்காக மூன்றாவது ஆளுடையது போகும். ஊரில் மொத்தமே ஒரு கண்ணாடிதான் குறைகிறது. அந்தக் குறை முறைவைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது புரிந்ததும் எரிச்சல் ரெண்டு மடங்கானது.

நியாயத்துக்காக எத்தனை வாரம் வேண்டுமானாலும் வண்டி எடுக்காமல் இருந்திருப்பார்தான். ஆனால் பட்டதாரிக்கு மறுநாள் டெஸ்ட்.

பட்டதாரி என்பது டீச்சர் வைத்த பெயர். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவரின் மகள், அந்த வீட்டிலேயே முதலில் டிகிரி முடித்தவள். ஆய்வுக்கூட வேன் ஓட்டி ரத்த மாதிரிகள் சேகரிக்கிற வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்ட வேண்டும். ஏற்கெனவே ரெண்டு தடவை ரிவர்ஸில் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் விட்டால் வேலை வேறு ஆளுக்கு. கண்ணாடி இல்லாத வண்டியை இன்ஸ்பெக்டர் டெஸ்டுக்கே விடமாட்டார்.

"ஏறு பட்டதாரி, சந்துக்குப் போறோம்."

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும், "வாங்கம்மா, இடதா வலதா?" என்றார்.

"நான் என்ன வேணும்னே இன்னும் சொல்லலையே!"

"அந்த மாடல் வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் ஒரே முகம்மா."

"இது எங்கேருந்து வருது?"

"பிரிச்ச வண்டியிலேருந்து."

"எந்த வண்டியைப் பிரிச்சீங்க?"

"பிரிச்சாச்சே, இப்ப எப்படிச் சொல்றது?" என்றவர், கண்ணாடியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோங்க. காலம் கெட்டுக் கிடக்கு."

காருக்கு வந்ததும் பட்டதாரி மெதுவாக ஆரம்பித்தாள். "வாங்கறவன் இல்லேன்னா திருடறவன் இல்லேன்னு நீங்கதானே டீச்சர் சொல்வீங்க? எனக்காகன்னா வேணாம். நாமளும் கூட்டாளி ஆயிடறோம்ல?"

"உனக்காகத்தான். வாயை மூடிட்டு ஏறு."

தம்பி கண்ணாடியை மாட்டிக்கொடுத்தான். டீச்சர் சிவப்புப் புள்ளி வைப்பதற்காகத் துணியால் துடைத்தார். அழுக்கு போகப் போக, கீழ்மூலையில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது.

கண்ணாடியில் புள்ளி வைக்கிற ஆட்கள் ஊரில் ரெண்டே பேர். இருக்காது, குழந்தை ஏதாவது கிறுக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பை வைத்தார்.

மறுநாள் டெஸ்ட் மைதானத்தில் மாஸ்டரின் கார் நின்றது. இடது பக்கத்தில், வீட்டில் சவரம் பண்ணுகிற கண்ணாடியை டேப் போட்டு ஒட்டியிருந்தார். "என்ன மாஸ்டர், தாடி எடுக்கவா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மாஸ்டரின் மாணவர், நாற்பது தாண்டிய மனிதர், புதுச்சட்டை நனையும்படி வியர்த்துக்கொண்டு நின்றார்.

பட்டதாரி ரிவர்ஸ் எடுத்தாள். வண்டி நடுவில் ஒரு நொடி தயங்கியது. ஓரமாக நின்ற டீச்சர் வெறும் தரையில் பிரேக்கை மிதித்தார். பிறகு சக்கரம் முழுசாகத் திரும்பி, அளவெடுத்ததுபோல் கோட்டுக்குள் வந்து நின்றது.

"பாஸ் டீச்சர்! ரெண்டு புள்ளி இருந்துச்சா, எதைப் பார்க்கறதுன்னு ஒரு செகண்ட் திணறிட்டேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. டேஷ்போர்டிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பேச்சு நின்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு மாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

"இந்தாங்க. உங்க ஆள் டெஸ்டை முடிக்கட்டும்."

மாஸ்டர் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். "இது..."

"உங்களோடதுதான். சந்துல வாங்கினேன். திட்டறதுன்னா திட்டிக்கோங்க."

மாஸ்டர் திட்டவில்லை. தலையைச் சொறிந்தார். "கோவப்படாதீங்க டீச்சர். என் வலது பக்கக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்திடுங்க."

அதன் கீழ்மூலையில், சுரண்டியும் முழுசாகப் போகாத ஒரு சிவப்புக் கறை.

"நான் பத்து வாரம் வண்டி எடுக்காம வீட்ல உட்கார்ந்திருந்தேன் மாஸ்டர்!"

"தெரியும். நானும் சந்துலதான் வாங்கினேன். எனக்கும் அன்னிக்கு ஒரு ஆளுக்கு டெஸ்ட் இருந்துச்சு."

டீச்சர் அந்தச் சிவப்புக் கறையைக் கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்தார்.

மாஸ்டரின் ஆள் ரிவர்ஸில் கம்பத்தை இடித்தார். கண்ணாடி தப்பித்தது. அதைக் கழற்றி பானட்டின் மேல் வைத்துவிட்டு டீச்சர், மாஸ்டர், பட்டதாரி மூவரும் சுற்றி நின்றார்கள். "இப்ப இது யாரோடது?" என்று பட்டதாரி கேட்டாள்.

"உங்களுக்கு அடுத்த டெஸ்ட் எப்ப?" என்றார் டீச்சர்.

"நாளைக்கு. உங்களுக்கு?"

"புதன்கிழமை. செவ்வாய் சாயங்காலம் வந்து கழட்டிக்கிறேன். அதுவரைக்கும் தொலைச்சிடாதீங்க."

திரும்பும்போது பட்டதாரி ஓட்டினாள். டீச்சர் இடது பக்க ஜன்னலில் தலையை வெளியே நீட்டி, "வா, வா, பஸ் வருது, நில்லு!" என்று கத்திக்கொண்டே வந்தார். சந்து முனையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கடைக்காரர், வெறும் ஒயர் தொங்குவதைப் பார்த்து அக்கறையாக எழுந்து நின்றார்.

"இடதாம்மா?"

டீச்சர் தலையை உள்ளே இழுத்து, அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஒரே கண்ணாடியான ஜன்னல் கண்ணாடியை விறுவிறுவென்று ஏற்றினார்.

"டீச்சர், இப்ப பின்னால யாரு பார்க்கறது?" என்றாள் பட்டதாரி.