சண்டை போடாதவருக்கு ஏற்ற ஊர்

துபாயில் ஏழு வருஷம் இருந்தேன். அதற்குப் பிறகு சென்னையில் ஐந்து வருஷம். வாழ்வதற்கு எது நல்ல ஊர் என்று சொந்த ஊரான தென்காசியில் யார் கேட்டாலும் சென்னை என்றுதான் சொல்வேன். துபாய் சுத்தமான ஊர், பயமில்லாத ஊர், கரண்ட் போகாது. எல்லாம் உண்மை. ஆனால் அங்கே வாயைத் திறக்க முடியாது. எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது.

அங்கே ஒரு வீட்டை மூன்று குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். எங்களுக்கு ஓர் அறை. அடுப்பு பொது. பால்கனியில் துணி காயப்போட்டால் அபராதம் என்று கட்டிலுக்கு மேலேயே கொடி கட்டி, ஈரத் துணிக்கு அடியில் தூங்கினோம். ஒருநாள் பக்கத்து அறைக்காரி கொதித்துக்கொண்டிருந்த என் குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் தன் குக்கரை ஏற்றினாள். நான் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதட்டி. யாராவது போலீசுக்குப் போன் போட்டா விசா போயிரும்" என்றார். கோபத்தில் அன்று நான் சாப்பிடவில்லை.

சென்னை அப்படியில்லை. தண்ணீர் லாரிக்காரன், ஆட்டோக்காரன், மோட்டார் போட மறந்துவிட்டேன் என்று தினமும் பொய் சொல்லும் ஹவுஸ் ஓனர், எல்லாரோடும் சண்டை போட்டேன். மறுநாளே ஹவுஸ் ஓனர் மனைவி கறிவேப்பிலை இருக்கா என்று வந்து நிற்பாள். எங்களுக்குக் கிடைக்க வேண்டியது எல்லாம் அங்கே கிடைத்தது. கிடைக்க வைத்தது நான்.

இந்த ஆனியில் சாரல் தொடங்கியதும் ஒரு வாரம் ஊருக்கு வந்தோம். வந்த இடத்தில், துபாயில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பழைய கம்பெனியிலிருந்து அழைப்பு. அதே ஏசி மெக்கானிக் வேலை. குடும்பத்தோடு வரலாம். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போகணும் என்று அவர், கூடாது என்று நான். மூன்று நாளாக இதே பேச்சு. பேச்சு என்ன பேச்சு, நான் பேசினேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை குற்றாலம் போனோம். மெயின் அருவியில் நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் இரண்டு பேரை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், தலை விறைக்கிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தேன். ஆண்கள் பக்கம் பார்த்தால் அவர் இன்னும் காய்ந்த தலையோடு வரிசையில். ஒருத்தன் "அண்ணாச்சி, கொஞ்சம்" என்றான், ஒதுங்கினார். எண்ணெய் வழிய நாலு பேர் வந்தார்கள், அவர்களுக்கும் ஒதுங்கினார்.

"ஏங்க, உள்ள போங்க! வேடிக்க பாக்கவா வந்திய?" என்று கத்தினேன்.

வரிசையே சிரித்தது. எண்ணெய்க்காரர்களில் ஒருவன், "யக்கா, அண்ணாச்சியால ஆவாது. நீங்க வாங்க இங்கன" என்றான்.

"நான் வந்தா ஒங்க நாலு பேருக்கும் எடம் இருக்காதுலே!"

அவனே அவர் கையைப் பிடித்து அருவிக்குள் இழுத்துவிட்டான். அரை நிமிஷத்தில் வெளியே வந்தார். ஒரு தோள்தான் நனைந்திருந்தது.

பஜ்ஜிக் கடை ஓரமாக அவரை நிறுத்திக் கேட்டேன். "ஒரு அருவியில எடம் பிடிக்கத் தெரியல. நான் இல்லன்னா நீங்க எப்படிப் பொழப்பிய?"

"துபாயில பொழச்சேம்லா" என்றார், தோளைத் துடைத்துக்கொண்டே. "அங்கன ஆஸ்பத்திரியோ ஆபீசோ, எங்க போனாலும் டோக்கன் குடுப்பான். என் நம்பர் வந்தா நான் போவேன். எவனும் முந்த முடியாது. சென்னையில என் நம்பரையும் நீதான் சண்ட போட்டு வாங்கித் தார. அஞ்சு வருஷமா ஒன் பின்னாலயே நிக்கேன்ட்டி."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சென்னையில் நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. ஒருமுறை நான் ஊருக்கு வந்திருந்த பத்து நாளும், ஹவுஸ் ஓனரிடம் தண்ணீர் கேட்கத் தயங்கி, வேலை பார்க்கிற இடத்திலேயே குளித்திருக்கிறார். அதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். எனக்கு நல்ல ஊர் எது என்பதில் இப்போதும் சந்தேகமில்லை. அதை இரண்டு பேருக்கும் சேர்த்துத் தீர்மானித்தது என் தப்பு.

தென்காசி பஸ்ஸில் இடம் கிடைத்ததும் போனை நீட்டினார். வருகிறோம் என்று கம்பெனிக்குப் பதில் அடித்து வைத்திருந்தார். "ஒனக்குச் சம்மதமா?"

"சம்மதமில்ல" என்றேன். "அனுப்புங்க."