விருப்பப்பட்டு விலகியவர்கள்

டாட்காம் கம்பெனிகள் வரிசையாகக் கடையைக் கட்டிய வருஷம் அது. நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனிக்கு அமெரிக்காவில் ஓர் அலுவலகம், ஜெர்மனியில் ஒன்று, பெங்களூரில் தொம்மலூர் பக்கம் ஒன்று. வாடிக்கையாளர் கையேடுகளை எழுதும் வேலையை ஊருக்கு ஒருவராக நாங்கள் மூன்று பேர் பார்த்தோம். அந்தப் பிரிவே வேண்டாம் என்று மேலிடம் முடிவு செய்தது. முடிவு ஒன்றுதான், அது வந்து சேர்ந்த விதம் ஊருக்கு ஊர் வேறு.

அமெரிக்கக்காரருக்குக் காலையில் சொன்னார்கள். மதியத்துக்குள் காவலாளி ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, வாசல்வரை கூடவே நடந்து வந்து, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாராம். ஜெர்மன்காரரை அப்படித் தொட முடியவில்லை. அங்கே ஊழியர் குழு என்று ஒன்று உண்டு. அதைக் கேட்காமல் யாரையும் அனுப்பக் கூடாது. குழு கூடியது, காபி குடித்தது, இன்னொரு நாள் கூடுவதாக முடிவு செய்தது.

பெங்களூரில் யாரையும் நீக்குவதில்லை. நாமாகவே போய்விட வேண்டும்.

மனிதவளப் பிரிவில் இருந்த பெண் என்னை உட்காரவைத்துக் காபி வரவழைத்தாள். "சார், ஒரு ரெசிக்னேஷன் மெயில் அனுப்பிடுங்க. பர்சனல் ரீசன்னு போட்டா போதும்."

"எனக்குப் பர்சனல் ரீசன் எதுவும் இல்லையேம்மா."

"யோசிச்சுப் பாருங்க சார். ஏதாவது இருக்கும்."

"நான் எழுத மாட்டேன். நீங்களே எடுத்துடுங்க."

அவள் முகம் வாடிவிட்டது. "அப்படியெல்லாம் பேசாதீங்க சார். நம்ம கம்பெனில யாரையும் எடுத்ததே இல்ல."

"தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கே?"

"அது தொழிலாளருக்கு சார். நீங்க மேனேஜர்."

உண்மைதான். எனக்குக் கீழே ஒருவரும் கிடையாது, ஆனாலும் மேனேஜர். முந்தைய வருஷம் சம்பள உயர்வுக்குப் பதிலாக எல்லோருக்கும் அந்தப் பட்டத்தைக் கொடுத்தபோது, தளம் முழுக்க மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தவன் நான். சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியே வந்ததற்கு இனிப்பு வழங்கிய ஊழியன் ஜெர்மனியில் இருக்க மாட்டான். கோர்ட்டில் பட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள் என்று ஒரு வக்கீல் சொன்னார். அதை நிரூபிக்க எவ்வளவு காலமாகும் என்று கேட்டேன். அவர் என் வயதைக் கேட்டார்.

அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பணியவைத்தது. "நீங்களா எழுதினா ரிலீவிங் லெட்டர் கைல வந்துடும். அது இல்லாம இந்த ஊர்ல எந்தக் கம்பெனியும் உள்ள விடாது சார்." நாற்பத்தைந்து தாண்டியவன், மகள் பி.யு.சி. படிக்கிறாள், இன்னொரு வேலை கிடைத்தே ஆக வேண்டும். எழுதினேன்.

வீட்டில் மனைவி, "அவங்க எடுத்தாங்களா, நீங்களா விட்டீங்களா? எங்க அண்ணன் கேப்பாரு, ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

"நானா விட்டேன்."

"இதை வெளியில சொல்லாதீங்க. எடுத்துட்டாங்கன்னாவது பாவம்னு நினைப்பாங்க."

கடைசி நாள் பாராட்டு விழா. தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, பழத்தட்டு கொடுத்தார்கள். நான் புதிய உயரங்களைத் தேடிப் போவதாக மேலதிகாரி கன்னடத்தில் பேசினார். நானும் எழுந்து நன்றி சொன்னேன். கைதட்டல் ஓய்ந்ததும் பேட்டாவை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மறுநாளும் ஒருவர் விருப்பப்பட்டுப் போகவிருந்தார்.

வேலை தேடி அலைந்த மாதங்களில் ஜெர்மன்காரரிடமிருந்து மெயில் வந்தது. குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறதாம். இப்படிப்பட்ட காலத்தில் தானாக வேலையை விட எனக்கிருந்த துணிச்சலை அவர் மனமாரப் பாராட்டியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஒருவழியாக ஒரு சிறிய கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிரே இருந்தவருக்கும் என் வயதுதான்.

"இந்த நேரத்துல ஏன் சார் விட்டீங்க?"

"பர்சனல் ரீசன்."

ரிலீவிங் லெட்டரைக் கேட்டு வாங்கிப் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நானும் போன கம்பெனிய அதே காரணத்துக்குத்தான் விட்டேன்" என்றார். "திங்கக்கிழமை வந்துடுங்க."