புறாத்தீவுக்குப் போன இரண்டு வள்ளங்கள்

நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவில் என் மகளை விட்டுவிட்டு நாங்கள் கரைக்கு வந்துவிட்டோம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை என்னால் எழுத முடியும். ஐந்து வருடங்களாக இதை எழுத உட்கார்ந்து, அந்த இடம் வரும்போது எழும்பிப் போயிருக்கிறேன்.

அது ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறை. ராத்தாவின் குடும்பமும் எங்கள் குடும்பமும் சேர்ந்து ஒரு வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போனோம். ராத்தா என் மூத்த சகோதரி. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வளவும் அவள் வீட்டு வளவும் அடுத்தடுத்து இருந்தன. அவள், அவளுடைய கணவர், வளர்ந்த இரண்டு மகன்கள், பதினேழு வயது மகள் என அவர்கள் ஐந்து பேர். நானும் என் கணவரும் ஒன்பது வயது மகளும் நாலு வயது மகனுமாக நாங்கள் நாலு பேர். நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கல்முனையில் ஒரு சிறிய புடவைக்கடை வைத்திருந்தார்.

மட்டக்களப்பைத் தாண்டிக் கரையோரமாகப் போனால் ஆறுகளுக்குப் பாலம் இல்லை. ஒவ்வொரு துறையிலும் எல்லோரும் இறங்க, வேனைப் 'பாதை' என்கிற பெரிய மிதவையில் ஏற்றி அக்கரைக்கு இழுப்பார்கள். அக்கரையில் மறுபடியும் எல்லோரும் ஏற வேண்டும். முதல் துறையிலேயே ராத்தாவின் கணவர் ஆட்களை எண்ணத் தொடங்கினார். அவர் எனக்கு மச்சான்; சம்மாந்துறையில் அரிசி மில் வைத்திருந்தவர். விரலை நீட்டி, உதட்டை அசைத்து எண்ணுவார்.

"எங்களயும் நெல்லு மூட்டயெண்டு நினைச்சீங்களா?" என்றாள் ராத்தா. "நீங்க ஒங்கட ஆம்புளயள எண்ணுங்க. பொம்புளயள நான் எண்ணிக்குவன்."

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆண்களை மச்சான் எண்ணுவார், பெண்களை ராத்தா எண்ணுவாள். என் இடுப்பில் இருந்த சின்ன மகன் பெண்கள் கணக்கில். இரண்டு பக்கமும் சரியென்றால் டிரைவர் வேனை எடுப்பார். ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கந்தூரிக்குப் போனாலும் நாங்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து போவோம், இரண்டாகப் பிரிந்து வருவோம். அதனால் இதில் எங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

மகள்தான் எந்தக் கணக்கிலும் நில்லாதவள். அவளுக்கு எப்போதும் வாப்பாவின் கை வேண்டும்.

"நாங்க நாலு ஆம்புளயள் தானே வந்த? இஞ்ச அஞ்சு நிக்குது!" என்றார் மச்சான். "ஆருடா இந்தச் சட்ட போட்ட ஆம்புள?"

"நான்தான் மாமா!" என்று அவள் துள்ளினாள். எல்லோரும் சிரித்தோம். ராத்தா சிரிக்கவில்லை.

திருகோணமலையில் மச்சானுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். அன்று பின்னேரம், அசர் தொழுதுவிட்டு, கோட்டைப் பக்கத்து மைதானத்தில் நடந்த கார்னிவலுக்குப் போனோம். வாளிக்குள் பந்து போடும் கடைகள், மரப்பலகைக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவன், பெரிய ராட்டினம். மகளும் அவள் வாப்பாவும் ராட்டினத்தில் ஏறினார்கள். அது மேலே போய் நிற்கும்போதெல்லாம் அவள் சட்டை காற்றில் ஊதிக்கொண்டு எழும்பியது. அவள் அதை அமத்தவும் இல்லை. கீழே நின்ற என்னைப் பார்த்து இரண்டு கையையும் வீசினாள்.

"பத்து வயசு ஆகப் போகுது," என்றாள் ராத்தா என் காதோடு. "எங்கட ஊராக்கள் ரெண்டு மூண்டு பேர அங்கால கண்டன். டீச்சர்ர புள்ள எண்டுதான் சொல்லுவாங்க."

ராத்தாவின் வாயை நான் குறை சொல்லவில்லை. அவள் சொன்னதைத்தான் நானும் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து அவள் எங்களோடுதான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். என் வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து அவளுக்கு முக்காடும் போட்டுக் காட்டினேன்.  பிறகு கணவரிடம் சொன்னேன்.

"நாளைக்கு அவள ஒங்களோட சேக்காதீங்க. வந்தாலும் திருப்பி அனுப்புங்க."

"சின்னப் புள்ளதானே. உல்லாசத்துக்கு வந்த இடத்தில…"

"திருப்பி அனுப்புங்க எண்டு சொல்றன்."

"சரி டீச்சர், அனுப்புறன்," என்று சிரித்தார்.

அடுத்த நாள் காலை நிலாவெளியில் இரண்டு எஞ்சின் வள்ளங்கள் பிடித்தோம். அந்தக் கரையைச் சேர்ந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வள்ளம் வைத்திருந்தார்கள். ஒன்றில் ஆறு பேருக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆண்கள் நாலு பேரும் தம்பியின் வள்ளத்தில், பெண்கள் ஐந்து பேரும் அண்ணனுடையதில். மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். கடல் தட்டையாக, அடியில் கிடக்கும் கல் தெரியும்படி இருந்தது.

புறாத்தீவு மிகச் சிறியது. நடுவில் பாறைகள் குவிந்து முதுகுபோல உயர்ந்திருக்கும். அந்த முதுகுக்கு இரண்டு பக்கமும் மணல். ஒரு பக்கம் நாங்கள் குளித்தோம், மற்றப் பக்கம் ஆண்கள். இங்கே நின்றால் அங்கே தெரியாது. எங்களுக்கு அதுதான் பெரிய நிம்மதி. ராத்தா கழுத்தளவு தண்ணீரில் புடவையோடு இருந்துகொண்டு, இருபது வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் கடலில் குளிக்கிறேன் என்றாள். கடல் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

நெய்ச்சோறும் பொரித்த கோழியும் சாப்பிட்டோம். தொழுதோம். அதற்குப் பிறகு மகள் நச்சரிக்கத் தொடங்கினாள். பாறை இடுக்கில் புறாக்கூடு இருக்கிறதாம், வாப்பாவிடம் காட்ட வேண்டுமாம்.

"உம்மா, ஒருக்கா போய்ட்டு வாறன்."

"இல்ல."

"காட்டிப்போட்டு ஓடி வந்துடுவன்."

"இல்லெண்டா இல்ல."

மூன்றாவது முறை அவள் கேட்டபோது சின்ன மகனின் கண்ணில் உப்புத்தண்ணீர் பட்டு அவன் கத்திக்கொண்டிருந்தான். நான் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவளுடைய மஞ்சள் சட்டை பாறைக்கு மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். என்னதான் சொல்லி வைத்தாலும் அவள் வாப்பா அவளைத் திருப்பி அனுப்ப மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவர் திருப்பி அனுப்பினார். "உம்மா ஏசுவா, போங்க மகள்," என்று பாறைவரை கூட்டிவந்து ஏற்றியும் விட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

லுஹர் தொழுகை கழிந்து அதிக நேரம் ஆகவில்லை, காற்று மாறியது. அந்த மாதங்களில் பகலில் கச்சான் அடிக்கும். தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் சூடான காற்று. கரைக்குத் திரும்பும் வள்ளம் அதை எதிர்த்து வர வேண்டும். வள்ளக்கார அண்ணன் தண்ணீரில் நின்று கத்தினார்: "அம்மா, கச்சான் எழும்புது. கெதியா ஏறுங்கோ!"

சட்டி பானைகளை வாரிக்கொண்டு ஏறினோம். ராத்தா எண்ணினாள்.

"நாலுதான் இரிக்கி. ஒண்டு கொறையுது."

"அவ வாப்பாட்ட போயிட்டா," என்றேன்.

"நேத்து வெச்ச சட்டம் இண்டைக்கே போயிட்டா?"

ராத்தாவின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இறங்கிப் போய் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு வருவதற்கு இரண்டு நிமிடம் போதும். போனால் ராத்தா இன்னும் ஏதாவது சொல்வாள். அதனால் நான் இறங்கவில்லை. "எடுங்க," என்று வள்ளக்காரரிடம் நான்தான் சொன்னேன்.

அலை வள்ளத்துக்குள் அடித்து எல்லோரும் நனைந்தோம். கரையில் இறங்கிச் சின்ன மகனின் தலையைத் துவட்டிக்கொண்டே கடலைப் பார்த்தேன். ஆண்களின் வள்ளம் வந்துகொண்டிருந்தது. தூரத்தில் தலைகளை எண்ணினேன். ஐந்து. நாலு ஆண்களும் அவளும். சரி என்று துவாயைப் பிழிந்தேன். வள்ளத்தை ஓட்டுகிறவருக்கும் ஒரு தலை இருக்கிறது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

என் கணவர் இறங்கி, நனைந்த சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"புள்ள எங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் புள்ள?"

"என்ன கேள்வி இது? ஒங்களோடதானே வந்தா?"

"நான் அப்பயே அனுப்பிட்டன். நீதானே அனுப்பச் சொன்ன…"

 மச்சான் விரலை நீட்டி எங்கள் எல்லோரையும் எண்ணத் தொடங்கி, பாதியில் கையைக் கீழே போட்டார்.

என் கணவர் திரும்பி ஓடி வள்ளத்தைப் பிடித்தார். அண்ணன்காரர் அவரைத் தடுத்தார். கணவர் கனத்த ஆள்.

"ஐயா, வரேக்க எதிர்க்காத்து. பாரம் ஏத்த ஏலாது. பிள்ளையையும் ஏத்த வேணும். ஒரு ஆள்தான், அதுவும் மெல்லிய ஆளா வேணும். அம்மா வரட்டும்."

"நீ போ," என்றார் கணவர். ராத்தா சின்ன மகனை என் கையிலிருந்து வாங்கினாள். நான் ஏறினேன். முன்பின் தெரியாத ஓர் ஆணோடு தனியாக ஒரு வள்ளத்தில் இருந்தேன். ராத்தா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. நான் தீவைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தேன். அவள் எங்கள் வள்ளத்தைக் கண்டு பின்னால் இறங்கியிருந்தால்? எங்கள் கடற்கரையில் இடுப்பளவுக்கு மேல் அவள் போனதில்லை. நீந்தத் தெரியாது. தண்ணீரில் மஞ்சளாக எதுவும் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஓர் இடத்தில் கல்லின்மேல் வெயில் விழுந்து மஞ்சளாகத் தெரிந்தது. "நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். அவர் நிற்பாட்டிப் பார்த்துவிட்டு, "கல்லம்மா," என்று மறுபடி எடுத்தார். எனக்குப் பாடமாக இருந்த குர்ஆன் ஆயத்துகளில் ஒன்றுகூட முழுதாக வாயில் வரவில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பது மட்டும் வந்தது.

"அந்தா," என்றார் வள்ளக்காரர்.

அவள் நடுப்பாறையின் உச்சியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழும்பவில்லை. வள்ளம் மணலில் இடித்த பிறகுதான் மெதுவாக இறங்கி வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. அழுததற்கு அடையாளம் இல்லை. நான் அவளைத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. இருவரும் மணலில் விழுந்தோம்.

"ஏன் மகள் மேல போய் இருந்த?"

வாப்பா திருப்பி அனுப்பியதும் அவள் பாறை ஏறியிருக்கிறாள். வரும் வழியில் புறாக்கூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றிருக்கிறாள். எஞ்சின் சத்தம் கேட்டு எங்கள் பக்கம் ஓடினாள், நாங்கள் போய்விட்டோம். மறுபக்கம் ஓடினாள், அவர்களும் போய்விட்டார்கள்.

"நீங்க இந்தப் பக்கத்தால வருவீங்களா, வாப்பா அந்தப் பக்கத்தால வருவாங்களா எண்டு தெரியல்ல," என்றாள். "மேல இருந்தா ரெண்டு பக்கமும் தெரியும்."

வருவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எந்தப் பக்கம் என்பதுதான் அவளுடைய பயம்.

திரும்பி வர நெடுநேரம் எடுத்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தின் அடியில் இருந்தேன். என் கணவர் நெஞ்சளவு தண்ணீரில் வந்து நின்றார். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். ராத்தா துவாயால் அவளைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு அவளை விட்டுவிட்டு வேனுக்குப் பின்னால் போய் அழுதாள். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் திட்டத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அடுத்த நாள் ஊருக்கு வந்துவிட்டோம்.

"நான்தானே அனுப்பின," என்று கணவர் ஒரு நாள் சொன்னார். "நான்தானே அனுப்பச் சொன்ன," என்றேன். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பேசியதில்லை. பேசினால் எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் பயம். இப்போது சண்டையால் நிலைமை கெட்டுக் கிடப்பதால் திருகோணமலைப் பக்கம் யாரும் உல்லாசமாகப் போவதில்லை. அந்த வள்ளக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது.

நான் வைத்த சட்டத்தை நான் மாற்றவில்லை. அவளுக்கு வயது வந்தது. அவள் இப்போது பெண்கள் பக்கத்தில்தான் இருக்கிறாள், என்னைவிட ஒழுங்காக முக்காடு போடுகிறாள். அன்று ராட்டினத்தில் கை வீசியவள் இவள்தான் என்று சொன்னால் அவளுடைய தோழிகள் நம்ப மாட்டார்கள். நான் செய்தது பிழையா சரியா என்று என்னால் இன்னும் தீர்க்க முடியவில்லை. ஆனால் அவளை எங்கேயும் போ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க என்னால் முடிவதில்லை. அடுத்த வளவில் இருக்கும் ராத்தா வீட்டுக்கு அனுப்பினாலும், அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று காணும்வரை வேலிக் கடப்படியில் நிற்கிறேன்.

இன்று காலையும் நின்றேன். அவள் பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையின் முனைவரை போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"உம்மா, உள்ள போங்க! ஆக்கள் பாக்காங்க!"

"பாக்கட்டும்," என்றேன். "நீ போ."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு முனையைத் திரும்பினாள். அங்கிருந்து பாடசாலை வாசல் எனக்குத் தெரியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு நானும் முனைவரை நடந்தேன்.