வெயிலில் ஏறிய முள்: ஷரீபா அக்கா நினைவாக

இதைப் படிப்பவர்கள் வேறு யாரிடமும் காட்டிவிடாதீர்கள். ஷரீபா அக்காவோடு ஏரி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த உங்களுக்காக மட்டும் எழுதுகிறேன். உங்கள் பெரிய அதிகாரி கண்ணில் இது படவே கூடாது. வெளியாட்களிடம் யாரும் பேசக் கூடாது என்று எங்கள் குப்பத்தில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். நான் எழுதியது தெரிந்தால் என் அப்பாவை, நைனாவைத்தான் தண்டிப்பார்கள்.

அக்கா போய்விட்டதைப் படகோட்டி மாரி அண்ணன் சொல்லித்தான் கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டு, பழவேற்காட்டுத் துறையில் படகுக்காக நின்றிருந்தேன். "இன்னாம்மா, உனக்குத் தெரியாதா? மெட்ராஸ் ஆஸ்பத்திரிலயே போயிடுச்சாம். மஞ்சக் காமாலைன்னு சொல்றாங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. நாளை மத்தியானம் ஊர்க்கூட்டத்துக்கு அக்கா வந்து பேசுவதாக இருந்தது.

ஏரியில் முறை வைத்து வலை போடுவதைப் பாடு என்போம். இன்று எங்கள் பாடு என்றால் நாளை பக்கத்துக் குப்பத்தின் பாடு. நைனா தன் பாட்டை முடித்துக் கரையேறிய மறுநாள் அந்த இடத்து இறாலெல்லாம் செத்துக் கரை ஒதுங்கியது. அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று நைனா மருந்து கலந்துவிட்டார் என்றார்கள். உங்கள் நிலையம் மீட்டர் வைத்துப் பார்த்து, தண்ணீரில் பிராணவாயு தேவையான அளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது. அப்படியானால் மூச்சு முட்டிச் சாகவில்லை, விஷம்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நைனாவுக்கு இனிமேல் பாடே கிடையாது என்று நாளை தீர்ப்பு சொல்லப் போகிறார்கள். பாடு இல்லாத குடும்பம் எங்கள் குப்பத்தில் இருக்க முடியாது.

அந்த மீட்டரை நம்பாதவர் அக்கா ஒருவர்தான். படகு தாமதமாகும் நாட்களில் நான் நிலையத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். புழுக்கமான ஒரு பிற்பகலில், தண்ணீரில் விடும் குச்சியின் ஒயரையே அக்கா கழற்றிவிட்டார். மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. "பாத்தியாடி, தூண்டில்ல புழுவே இல்ல, மீன் மாட்டிக்கிச்சுன்னு சொல்லுது!" என்று சிரித்தார். மாரி அண்ணன் வாசலில் நின்றபடி, "உனக்கு மாப்ள வந்தாலும் ஒயரக் கழட்டித்தான் பாப்ப போல" என்றார். "முள்ளு இறங்கலன்னா அவன் வேணாம்ணே" என்றார் அக்கா.

குச்சியிலிருந்து வருவது மிக மிகச் சிறிய கரண்ட். ஒரு ஐ.சி.யும் பெரிய ரெசிஸ்டரும் சேர்ந்து அதை வோல்ட்டாக மாற்றித்தான் முள்ளை நகர்த்துகின்றன. அக்கா அந்த ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் ஒரு கம்பியால் சேர்த்தார். முள் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்தது. "ஆஃப்செட்டா இருந்தா, அதாவது முள்ளோட பூஜ்யமே தள்ளிப் போயிருந்தா, இப்பவும் மேலயே நிக்கணும். இது கரண்ட்டு. எங்கிருந்தோ வருது" என்றார். அதிகாரியோ, ஆஃப்செட் திருகாணியைத் திருகி முள்ளை இறக்கிவிட்டு வேலையைப் பார் என்றார். அவர் போன பிறகு, "வயித்துவலிக்குத் தலையில தைலம் தடவச் சொல்றாரு" என்று அக்கா முணுமுணுத்தார். திருகாணியை அக்கா தொடவே இல்லை.

உப்புக்காற்று படிந்து போர்டில் கரண்ட் கசிகிறதோ என்று ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்தினார். கொஞ்சம்தான் குறைந்தது. மறுநாள் எனக்கு விடுமுறை. காலையில் போனால், முள் ஒழுங்காகப் பூஜ்யத்தில் நிற்கிறது. கோளாறையே காணோம் என்று அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் மீட்டரை முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைத்தபோதுதான் பிடிபட்டது. ஒயர் இல்லாமலே, பெட்டி சூடாகச் சூடாக முள் ஏறியது. சூட்டில் அந்த ஐ.சி.க்குள்ளேயே கசியும் பயஸ் கரண்ட் பல மடங்காகிவிடுமாம். நீங்கள் விடியற்காலையில் நிழலில் பூஜ்யம் வைத்துவிட்டு, உச்சிவெயிலில் ஏரிக்குப் போய் அளப்பீர்கள் அல்லவா? இறால் செத்த அன்றும் அப்படித்தான் அளந்தீர்கள். "அன்னிக்குத் தண்ணில மூச்சே இல்லடி. முள்ளு காட்டினது வெயில" என்றார் அக்கா.

கையெழுத்துப் போட்டதை மாற்ற முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். அக்கா ஏரியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கே வந்தார். "அண்ணே, தப்பு எங்க மீட்டர்ல. உங்க மேல இல்ல."

நைனா பின்னிக்கொண்டிருந்த வலையைக் கீழே வைத்தார். பிறகு, "அத ஊர் முன்னாடி சொல்வியாம்மா?" என்று கேட்டார்.

"மீட்டரோட வந்து சொல்றேண்ணே, இன்ஷா அல்லா."

"கண்ணு மஞ்சளா கீதேம்மா" என்றாள் அம்மா. வெயிலில் அலைந்தது என்று அக்கா சிரித்தார்.

நாளைக் காலை அக்கா வீட்டுக்குத் துக்கம் கேட்க நீங்கள் வருவீர்களாம். மாரி அண்ணன் உங்கள் கையில் இதைக் கொடுப்பார். மீட்டர் நிலையத்து அலமாரியில்தான் இருக்கிறது. நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் பழி விழுந்தவரின் மகள். வேறு யாரும் எங்களுக்கு இல்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்று உண்டு. நைனா மீது பழி விழுந்த நாளிலிருந்து ஊரில் யாரும் எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்த அன்று அக்கா அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதாள். அந்த டம்ளரை நான்

கதவைத் தட்டுகிறார்கள். நைனா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மத்தியானமே மீட்டரோடு ஊர்க்கூட்டத்துக்கு வந்துவிடுங்கள். எல்லார் முன்னாலும் ஒயரைக் கழற்றி, வெயிலில் வைத்து