விருந்தாளிக்கு வாங்கிய ஒயர் சேர்

அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எந்த வம்பும் வந்திருக்காது. எண்பதுகளின் தொடக்கம். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு சேகோ பேக்டரியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சேகோ என்றால் ஜவ்வரிசி. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோலுரித்து அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவை மணி மணியாக்கி, வறுத்துக் காயவைத்து மூட்டை பிடிக்க வேண்டும். இதில் என் பங்கு கடிதம் எழுதுவதும் போன் எடுப்பதும்தான். சுற்றுவட்டாரத்திலேயே தன்னிடம்தான் பி.காம் படித்த ஆள் இருக்கிறான் என்று முதலாளிக்கு ஒரு பெருமை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏப்பா பி.காமு" என்றுதான் கூப்பிடுவார்.

கடிதம் அரசாங்கத்திலிருந்து வந்திருந்தது, இங்கிலீஷில். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு அதிகாரி அம்மா ஆறு வாரப் பயிற்சிக்கு வருகிறார், ஜவ்வரிசித் தொழிலைக் கற்றுத்தர முடியுமா, தகுந்த பயிற்சியாளர் உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

"நம்மளையா கேக்கறாங்க? வெளிநாட்டுக்காரங்களா?" முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வரச் சொல்லி எழுது. சொல்லிக் குடுக்கறதுக்கு ஆளு?"

"நான் இருக்கேனுங்களே," என்றேன்.

நாலு வருஷமாக அங்கே இருந்தேன். வறுக்கிற சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தடவைகூடப் போய் நின்றதில்லை. அனல் அடிக்கும், சட்டை அழுக்காகும். ஆனாலும் 'அனுபவமிக்க பயிற்சியாளர் உள்ளார்' என்று என் பேரையும் போட்டு நானே டைப் அடித்து நானே தபாலில் போட்டேன். திமிர்தான், வேறென்ன.

அந்தம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். நாற்பதைத் தாண்டிய வயசு, நல்ல உயரம், பெரிய பெரிய பூப்போட்ட உடுப்பு, தலையிலும் அதே துணியில் கட்டு, கையில் தடித்த நோட்டு. மாலையை வாங்கிக்கொண்ட கையோடு நேரே கிழங்குக் குவியலுக்குப் போனார். ஒன்றை எடுத்து ஒடித்து முகர்ந்து பார்த்து, "இதைப் பிடுங்கி மூன்று நாள் ஆகியிருக்குமே?" என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? லோடு இறக்கிய ஆளைக் கேட்டேன். "சரியா மூணு நாளுங்க," என்றான்.

அவருக்கென்றே முதலாளி செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு சேர் வாங்கி வந்திருந்தார். சிவப்பு ஒயர் பின்னிய இரும்புச் சேர். சேலத்தில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் அது ஒற்றை ஆளாக உட்கார்ந்து வந்தது. வாட்ச்மேனுக்கு இனிமேல் கேட்டில் வேலை இல்லை, சேரைத் தூக்கிக்கொண்டு அந்தம்மா பின்னால் நடப்பதுதான் வேலை. அவர் எங்கே நின்றாலும் முழங்காலுக்குப் பின்னால் சேர் வந்து முட்டும். உட்காராமல் இருக்க முடியாது.

அது மட்டுமா? அவர் கிட்டே வந்தால் வேலை நின்றுவிடும். தோல் உரிக்கும் பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கும்பிடுவார்கள். அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் போனால் துணியில் பால் தெறிக்கக் கூடாதென்று மோட்டாரையே அணைத்துவிடுவார்கள். விருந்தாளி வந்து நிற்கும்போது நாம் பாட்டுக்கு வேலை பார்த்தால் அது என்ன மரியாதை? எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். முதலாளி வீட்டிலும் இதே கதைதான். மாடியில் தங்க ரூம், தினம் ஒரு நாட்டுக்கோழி. கிழங்கு வேகவைத்துத் தாருங்கள் என்று அவர் கேட்டதற்கு முதலாளியின் சம்சாரம் பதறிப்போய்விட்டார். "ஊட்டுக்கு வந்தவிங்களுக்குக் குச்சிக்கெழங்கா? நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்களா சாமி?" என்று இன்னொரு கோழியை அடிக்கச் சொன்னார்.

பதினைந்தாம் நாள் அந்தம்மா ஆபீசுக்குள் வந்து நோட்டை என் மேஜையில் விரித்துப் போட்டார். முதல் பக்கத்தில் 'அரைக்கும் மெஷின்: நின்றிருந்தது' என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கம் 'தொட்டி: எல்லோரும் எழுந்து நின்றார்கள்.' அதற்கடுத்தது 'வறுவல்: காபி கொடுத்தார்கள்.'

"இந்த பேக்டரி ஓடி நான் பார்த்ததே இல்லை," என்றார். "தூரத்தில் இருக்கும்போது சத்தம் மட்டும் கேட்கிறது."

"பார்த்துக்கொள்ளலாம், விடுங்கள்," என்றேன்.

அவர் விடவில்லை. ஆறாவது வாரம் டிபார்ட்மெண்ட் ஆபீசர் வருவார். அவர் கண்முன்னால் மாவிலிருந்து ஜவ்வரிசி வரை தானே செய்து காட்ட வேண்டும். செய்தால்தான் சர்டிபிகேட் என்றார். அவர் பிறந்த ஊரில் ஒரு ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். சர்டிபிகேட்டோடு போனால் அது அவர் பொறுப்பு. வெறுங்கையோடு போனால் தலைநகரத்திலிருந்து, கிழங்கைத் தொட்டே பார்க்காத, படித்த ஆள் ஒருவரைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்களாம். அந்த ஆள் எப்படி இருப்பார் என்று எனக்குக் கண்ணாடி பார்க்காமலே தெரிந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "இதுக்கா அந்தம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குது? ஆபீசர் வர்ற அன்னிக்கு நம்ம ஆளுகளே செஞ்சு குடுத்துரட்டும். அம்மா பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கட்டும். நம்மள நம்பி வந்தவிங்கள அடுப்புல நிக்க வெக்கறதா? என்ன பேச்சு பேசற நீயி?"

நல்ல மனசோடு சொன்னதுதான். அப்படியே போய் அந்தம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு அவர் காபியைத் தொடவில்லை. "பொய் சர்டிபிகேட் வாங்க இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை," என்றார். "எங்கள் ஊரில் சட்டி தீய்ந்தால் உங்கள் ஆட்கள் வருவார்களா?" கண் கலங்கியிருந்தது. எனக்கு என்னை நினைத்தே ஆத்திரமாக வந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் எங்கேயும் போகவில்லை. ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து வறுவல் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கிட்டே வந்தால்தானே வேலை நிற்கும்? தூரத்தில் இருப்பவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே ஒருத்தி உண்டு. முப்பது வயசு இருக்கும். வறுவல் அவள் பொறுப்பு. வாய் என்றால் அப்படி ஒரு வாய். விறகு போடுகிறவன், மாவு சுமக்கிறவள், லாரி டிரைவர் என்று ஒருத்தர் பாக்கி இல்லாமல் அவளிடம் பேச்சு வாங்குவார்கள். முதலாளியையே ஒருநாள், "வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க," என்று விரட்டியிருக்கிறாள்.

ஜன்னலில் இருந்தபடியே அந்தம்மா கேட்டார்: "அந்தப் பெண் எல்லோரையும் திட்டுகிறாள். ஆனால் என்னைத் திட்டுவதில்லை, கவனித்தீர்களா?"

"நீங்கள் விருந்தாளி அல்லவா?"

"உங்களையும்தான் திட்டுவதில்லை."

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷத்தில் அவளிடம் ஒரு பேச்சும் வாங்காததை என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

மறுநாள் காலையில் அந்தம்மா நேராக வறுவல் கொட்டகைக்குள் நுழைந்தார், நானும் பின்னாலேயே போனேன். வாட்ச்மேன் வழக்கம்போல சேரோடு ஓடிவந்தார். அந்தம்மா சேரை வாங்கி ஓரமாகப் போட்டு, வாட்ச்மேன் தோளை இரண்டு கையாலும் பிடித்து அதில் உட்கார வைத்தார். அவர் பதறி எழுந்தார். மறுபடி அமுக்கினார். அப்புறம் வறுவல்காரி கையிலிருந்து புரட்டுகிற கட்டையை உருவிக்கொண்டார்.

"வேண்டாமுங்கம்மா, சுடுமுங்க," என்றாள் அவள்.

அந்தம்மா கேட்கவில்லை. சட்டியில் எண்ணெய் தடவி, மணியைக் கொட்டி, புரட்டினார். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. ஒரு சட்டி முழுக்கக் கருகிப் போயிற்று. வேண்டுமென்றே தீய்த்தாரா, தெரியாமல் தீய்த்தாரா என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. வறுவல்காரியின் தொண்டையில் வசவு ஏறுவதையும் இறங்குவதையும் என் கண்ணால் பார்த்தேன். அதை மென்று முழுங்கி, "பரவாயில்லீங்கம்மா," என்றாள். அந்தம்மா இரண்டாவது சட்டிக்கு மணியைக் கொட்டினார். அதுவும் தீய்ந்தது.

அவ்வளவுதான்.

"அட கருமமே! கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? அடுப்பு இந்த எரி எரியறப்போ மரமாட்டம் நின்னுக்கிட்டிருந்தா ஆகுமா? அடி புடிக்கறதுக்கு முன்னால பொரட்டோணும்னு தெரியாது? ரெண்டு சட்டி! உங்கப்பன் ஊட்டு மாவா இது? அக்கட்டால தள்ளு! கட்டைய இப்பிடிப் புடி. இப்பிடி! அட, இப்பிடிங்கறேன்!"

சொல்லிக்கொண்டே அந்தம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கித் திருப்பினாள். வாட்ச்மேன் சேரை விட்டு எழவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொல்கிறாள்?" என்று அந்தம்மா என்னைக் கேட்டார்.

"எண்ணெய் பத்தாது என்கிறாள்."

"அதற்கு இவ்வளவு நேரமா?" என்றவர், அப்படியே சிரித்தார் பாருங்கள், பல் அத்தனையும் தெரிய! வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வறுவல்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் திட்டை நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து மோட்டார் நிற்கவில்லை, யாரும் எழுந்திருக்கவில்லை. "ஏ அம்மிணி, இங்க வா", "ஏ அம்மிணி, அதத் தூக்கு" என்று நாளெல்லாம் விரட்டினார்கள். தொட்டியில் மாவு சுரண்டினார். துணித் தூளியில் ஈர மாவைப் போட்டு, எதிரில் ஒருத்தி பிடித்துக்கொள்ள, மணி உருளும் வரை குலுக்கினார். தோல் உரிக்கும் பெண்களுக்கு, கிழங்கில் நீளமாக ஒரு கீறல் போட்டு மொத்தத் தோலையும் சட்டை கழற்றுவதுபோல் உருவுகிற வித்தையைக் காட்டினார். "இத்தன நாளு சொல்லாம என்ன பண்ணிக்கிட்டிருந்த?" என்று அதற்கும் பேச்சு வாங்கினார். மத்தியானம் அவர்களோடு சப்பணம் போட்டு உட்கார்ந்து, அடுப்பில் சுட்ட கிழங்கை உப்பு மிளகாயோடு சாப்பிட்டார். சிவப்புச் சேரில் எண்ணெய் டின்னை வைத்திருந்தார்கள்.

ஆபீசர் வந்த அன்றைக்கு எண்ணெய் டின்னை இறக்கி, சேரைக் கழுவி, அவருக்குப் போட்டோம். வறுவல்காரி வாயைத் திறக்கவே கூடாது என்று முதலாளி ஆணையிட்டிருந்தார். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றாள். அந்தம்மா மாவைக் குலுக்கி மணியாக்கிச் சலித்துச் சட்டியில் போட்டார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் தீ குப்பென்று எழும்பியது.

"வெறக இழுடீ! பொரட்டு! என்னத்த வேடிக்க பாக்கற?"

ஆபீசர் சேரிலிருந்து எழுந்துவிட்டார். "யார் இந்தப் பொம்பளை? வெளிநாட்டு விருந்தாளியிடம் இப்படியா பேசுவது?" என்று இங்கிலீஷில் இரைந்தார். முதலாளி முகம் வெளுத்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தம்மா திரும்பவே இல்லை. விறகை வெளியே இழுத்துவிட்டு, கட்டை அடியோடு போய்வரப் புரட்டிக்கொண்டே, "அவர்தான் என் பயிற்சியாளர்," என்றார்.

ஆபீசர் பைலைப் புரட்டி என்னைக் காட்டினார். "இவரென்றல்லவா கடிதத்தில் இருக்கிறது?"

"அவர் மொழிபெயர்ப்பாளர். எண்ணெய் பத்தாது என்பதை நன்றாக மொழிபெயர்ப்பார்."

சட்டி தீயவில்லை. ஆபீசர் சூட்டோடு ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்து, வாயில் போட்டு, தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே பயிற்சியாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. அந்தம்மா பேனாவை வறுவல்காரியிடம் நீட்டினார். "எதுக்குங்க? கேசு கீசு வந்துருமா?" என்று பயந்துகொண்டே, அவள் தன் பேரை எழுத்துக்கூட்டிப் போட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

ஜீப் கிளம்பும்போது எல்லோரும் அழுதார்கள். வறுவல்காரி மட்டும், "அங்க போயி தீயப் பாத்து எரி. எம் மானத்த வாங்கிப்போடாத," என்று கத்திக்கொண்டே ரோடு வரைக்கும் ஓடினாள்.

ஒரு வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் நான் வறுவல் கொட்டகைக்குப் போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "கொஞ்சம் நான் பொரட்டிப் பாக்கறேனே," என்று கட்டையை வாங்கினேன். அனல் முகத்தில் அடித்தது. புரட்டத் தெரியாமல் புரட்டினேன். புகை வந்தது, சட்டி கருகியது. கட்டையைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பரவாயில்லீங் சார்," என்றாள். "கையச் சுட்டுக்கப் போறீங்க. போயி உக்காருங்."

முழங்காலுக்குப் பின்னால் என்னவோ வந்து முட்டியது. வாட்ச்மேன் சேரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்.